கொழும்பிலிருந்து ஒரே நாளில் காட்டு யானைகளைக் காண எந்தப் பூங்காவிற்குச் செல்வது?

காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாத இறுதி வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருச்சியிலிருந்து கொழும்பு வருகிறோம். நான், என் மனைவி, எழுபது வயதைக் கடந்த என் தாயார், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் ஆகிய நால்வர். திருமணத்திற்கு மறுநாள் எங்களுக்கு வேலை ஏதும் இல்லை. அதற்கு அடுத்த நாள் ஊர் திரும்ப விமானம். கிடைக்கிற அந்த ஒரு நாளைக் கடைவீதியில் செலவிடாமல் காட்டில் செலவிட வேண்டும் என்பது மகளின் விருப்பம். கோயில் வாசலில் சங்கிலியுடன் நிற்கும் யானையைத்தான் அவள் இதுவரை பார்த்திருக்கிறாள். குட்டிகளோடு கூட்டமாகத் தம் போக்கில் மேயும் யானைகளை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கும் நெடுநாளாக ஆசை உண்டு.

யால, உடவளவை, மின்னேரியா, வில்பத்து என்று பல பெயர்களைச் சொல்கிறார்கள். நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர், யாலவிற்குச் சென்றால் சிறுத்தையை உறுதியாகப் பார்த்துவிடலாம் என்றும், நள்ளிரவு கடந்து புறப்பட்டால் அன்று இரவுக்குள் கொழும்பு திரும்பிவிடலாம் என்றும் கூறினார். காட்டு விலங்கின் வருகைக்கு ஒருவர் உறுதி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாயாருக்கு முழங்கால் வலி இருக்கிறது. உயரமான ஜீப்பில் ஏறி இறங்குவதும், மேடும் பள்ளமுமான தடத்தில் மணிக்கணக்கில் குலுங்குவதும் அவரால் இயலுமா என்ற கவலையும் உண்டு. ஆனால் அவரை விட்டுவிட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. அவருக்கும் வரவே விருப்பம்.

ஒரு நாளில் சென்று திரும்பத் தக்க பூங்கா எது, காட்டிற்குள் காலையில் நுழைவது நல்லதா மாலையில் நுழைவது நல்லதா, இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் எப்படி என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.


வளவைக்கரை எழுதியது:

வணக்கம் ஐயா. பணியின் பொருட்டு உடவளவைக்கு அருகிலுள்ள எம்பிலிப்பிட்டியவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் மகளின் விருப்பம் யானைக் கூட்டம் என்பதாலும், தாயாரும் உடன் வருகிறார் என்பதாலும், ஒரு நாள் பயணத்திற்கு உடவளவையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யாலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் முதலாம் வட்டாரத்தில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழ்கின்றன என்பது உண்மை. புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவில் சிறுத்தைக்கு மேலான வேட்டை விலங்கு கிடையாது. அதனால்தான் அது பட்டப்பகலிலும் பாறை மீது அச்சமின்றிப் படுத்துக் கிடக்கிறது. ஆனால் ஒரு சிறுத்தை கண்ணில் பட்டவுடன் சாரதிகள் கைபேசியில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி, சற்று நேரத்திற்குள் ஜீப்புகள் வரிசையாக வந்து அந்தக் குறுகிய தடத்தை அடைத்துக்கொள்கின்றன. பருவ காலத்தில் அங்கே செல்பவர்கள் சிறுத்தையைப் பார்த்த நேரத்தைவிட முன்னால் நிற்கும் ஜீப்பின் பின்புறத்தைப் பார்த்த நேரமே அதிகமாக இருக்கும். தூரமும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலை அம்பாந்தோட்டை வரை நீண்டபின் பயண நேரம் குறைந்திருக்கிறது என்றாலும், அருகிலுள்ள திசமகாராமை நகரில் ஓரிரவு தங்காமல் யாலவைப் பார்ப்பது முதியவர் ஒருவருக்குப் பெருந்துன்பம். வறட்சி காரணமாகப் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டெம்பர் தொடக்கம் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை முதலாம் வட்டாரத்தை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பயணம் சில நாட்கள் தள்ளிப்போனாலும் வாயில் வரை சென்று திரும்ப நேரும்.

உடவளவை கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாகச் சுமார் 165 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி அங்கிருந்து வடக்கே திரும்பும் வழியும் உண்டு. அதில் தூரம் கூடுதல், வளைவுகள் குறைவு. தாயாருக்கு மலைவளைவுகளில் தலைசுற்றல் வருமானால் இரண்டாவது வழியைத் தெரிவுசெய்யுங்கள். எந்த வழியானாலும் நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

அங்கே யானைகளைக் காண்பது ஏன் எளிது என்றால், அதற்கு அந்த நிலத்தின் வரலாறே காரணம். வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது வாழிடத்தை இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் தரவும், நீரேந்து பகுதியைக் காக்கவும் 1972 ஆம் ஆண்டு அந்தப் பூங்கா அமைக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 308 சதுர கிலோமீற்றர். அதற்கு முன்னர் அந்நிலத்தின் பெரும்பகுதியில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கை நடந்தது. ஆதலால் இன்றும் அங்கே அடர்காட்டைவிடப் புல்வெளியும் பற்றையும்தான் அதிகம். யானைக்குப் புல்லும் நீரும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. பார்ப்பவருக்கு மரங்கள் மறைக்காத வெட்டவெளி கிடைக்கிறது. மற்றப் பூங்காக்களில் பருவத்திற்கு ஏற்பக் கூட்டங்கள் இடம் மாறும். உடவளவையில் எந்த மாதத்திலும் யானையைக் காணாமல் திரும்பியவர் மிக அரிது. இதையும் நான் உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்றெந்தப் பூங்காவையும்விட வாய்ப்பு இங்கே அதிகம்.

தங்களுக்கு மாலை நேரமே ஏற்றது. தேசியப் பூங்காக்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். காலை 6 மணிக்கு வாயிலில் நிற்க வேண்டுமானால் கொழும்பிலிருந்து இரவு இரண்டு மணிக்கே புறப்பட வேண்டும். திருமண அலைச்சலுக்கு மறுநாள் அது வேண்டாம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, முற்பகலில் உடவளவையை அடைந்து, பூங்காவின் அருகிலுள்ள யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்திற்கு முதலில் செல்லுங்கள். தாயை இழந்த குட்டிகளையும் காயப்பட்ட குட்டிகளையும் வளர்த்து மீண்டும் காட்டில் விடுவதற்காக 1995 ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அதைத் தொடங்கியது. நாளில் சில குறித்த வேளைகளில் குட்டிகள் வரிசையாக வந்து, புனல் வைத்த குழாய் வழியாகப் பால் குடித்துவிட்டுப் போகும். பார்வையாளர்கள் தூரத்திலுள்ள மேடையிலிருந்துதான் பார்க்கலாம். தொடவோ குளிப்பாட்டவோ உணவு கொடுக்கவோ முடியாது. மனிதரிடம் அவை பழகிவிடக்கூடாது என்பதே காரணம். பாலூட்டும் வேளைகளை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு அறிந்துகொண்டால் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். தங்கள் மகளுக்கு அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பயணம் தகும் என்பது என் எண்ணம்.

மதிய உணவுக்குப் பின் இரண்டரை மணியளவில் பூங்காவிற்குள் நுழைந்தால் மூன்று மணி நேரத்திற்கு மேல் கிடைக்கும். ஆகஸ்டில் நீர்மட்டம் இறங்கிக் கரையோரம் புதுப்புல் முளைத்திருக்கும். வெயில் தணியும் நான்கு மணிக்குப் பிறகு கூட்டங்கள் பற்றைகளிலிருந்து வெளியே வந்து நீரை நோக்கி நடக்கும். தாய், அவளுடைய சகோதரிகள், பெண்மக்கள், குட்டிகள் என்ற குடும்பங்களாக அவை வரும். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனித்தே திரியும். கொம்பன்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இலங்கையின் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையேல் தந்தமில்லாத பெரிய யானைகளையெல்லாம் அவள் பெண் யானை என்றே எண்ணிக்கொள்வாள்.

யானையோடு நிறுத்திவிடாதீர்கள். அணை கட்டியபோது மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் நீர்க்காகங்களும் மீன் பிடிக்கும் கழுகுகளும் அமர்ந்திருக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பஞ்சுருட்டான், இருவாச்சி, மயில் ஆகியவற்றையும், இத்தீவில் மட்டுமே வாழும் இலங்கைக் காட்டுக்கோழியையும் காணலாம். கரையில் முதலையும், சேற்றில் எருமையும், பற்றையோரம் மரையும் புள்ளிமானும் இருக்கும். சிறுத்தையும் அங்கே உண்டு. அதைக் காண்பவர்கள் மிகச் சிலரே.


குறிஞ்சிப்பாதை எழுதியது:

வளவைக்கரை சொல்வதில் பெரும்பகுதியுடன் நான் உடன்படுகிறேன். ஆயினும் ஆகஸ்ட் இறுதி என்று வாசித்தவுடன் மின்னேரியாவை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவன்; முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே ஆகிய காடுகளுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். ஒரே பார்வையில் அத்தனை யானைகளை நான் கண்டது மின்னேரியாக் குளத்தின் படுகையில்தான்.

மகாசேன மன்னன் காலத்தில் கட்டப்பட்ட அந்தக் குளம் கோடையில் வற்றத் தொடங்கும்போது, நீர் பின்வாங்கிய சேற்று நிலத்தில் பசும்புல் கிளம்புகிறது. சுற்றுவட்டாரக் காடுகள் அனைத்தும் காய்ந்து கிடக்கும் அந்நாட்களில் நீரும் புல்லும் நிழலும் ஒருங்கே இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதால், பல திசைகளிலிருந்தும் யானைக் குடும்பங்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஆகஸ்டும் செப்டம்பரும் அதன் உச்சம். நல்ல ஆண்டுகளில் முந்நூறு யானைகள் வரை திரண்டதாகச் சொல்கிறார்கள். மாலையில் குட்டிகள் ஒன்றையொன்று தள்ளி விளையாடுவதையும், இரண்டு குடும்பங்கள் சந்திக்கும்போது மூத்த பெண் யானைகள் துதிக்கையை மற்றதன் வாயருகே நீட்டி நலம் விசாரிப்பதையும், பெரிய ஆண் ஒன்று நுழைந்ததும் கூட்டம் முழுவதும் மெல்ல விலகி வழிவிடுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிந்தது. குழந்தைக்கு யானையின் குடும்ப வாழ்வைக் காட்ட இதைவிடச் சிறந்த இடத்தை நான் அறியேன்.

இருப்பினும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, மொரகஹகந்தை நீர்த்தேக்கம் 2018 இல் முடிவடைந்த பிறகு அங்கிருந்து கோடையிலும் நீர் திறந்துவிடப்படுவதால், சில ஆண்டுகளில் மின்னேரியாக் குளம் வற்றாமல் நிறைந்தே இருந்திருக்கிறது. குளம் நிறைந்திருந்தால் புல்வெளி இல்லை. புல்வெளி இல்லையென்றால் யானைகளும் கூடுவதில்லை. உழவர்களுக்கு அந்த நீர் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்லை நம்பி வந்த விலங்குகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை நீரைப் பங்கிடுபவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். இரண்டாவது, கூட்டங்கள் மின்னேரியாவில் இல்லாத நாட்களில் அருகிலுள்ள கவுடுல்ல பூங்காவிலோ ஹுருலு காட்டிலோ இருக்கும். இந்தக் காடுகளுக்கு அருகிலுள்ள ஹபரணை நகரின் ஜீப் ஓட்டுநர்களுக்கு அன்றன்று எங்கே என்பது தெரியும். ஆகவே மின்னேரியாவுக்கு என்று முன்பணம் கட்டிவிடாமல், அன்று காலை கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து ஹபரணைக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். தாயாரின் நிலையை எண்ணிப் பார்க்கும்போது, ஓரிரவு தங்க முடிந்தால் மின்னேரியா, தங்க முடியாதென்றால் உடவளவை என்பதே என் கருத்து.


காவிரிக்கரையான் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தங்க இயலாது என்பதால் உடவளவை என்று முடிவு செய்துவிட்டோம். இரவு இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டியதில்லை என்பதைக் கேட்டு என் மனைவிக்குப் பெரிய நிம்மதி.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. உடவளவைச் சாலையில் வேலிக்கு அப்பால் யானைகள் வரிசையாக நிற்பதாகவும், கடைகளில் பழம் வாங்கி அவற்றுக்குக் கொடுக்கலாம் என்றும் உறவினர் ஒருவர் கூறினார். மகளும் அதைக் கேட்டதிலிருந்து ஆவலாக இருக்கிறாள். அது முறையா? அடுத்து, கரடியைப் பார்க்க வாய்ப்பு உண்டா? ஜீப்பில் தாயாரை எங்கே அமர்த்துவது? கட்டணத்தைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நல்லது.


பாலைநிழல் எழுதியது:

ஐயா, நான் வவுனியாவைச் சேர்ந்தவள். பழம் கொடுப்பது பற்றித் தாங்கள் கேட்டது நல்லது. பலர் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து தணமல்வில செல்லும் வீதி பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிச் செல்கிறது. மின்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துதிக்கையை நீட்டுபவை பெரும்பாலும் ஆண் யானைகள். வண்டிகளை நிறுத்தி வாழைப்பழமும் சோளமும் கொடுத்துக் கொடுத்து, மனிதர் வரும் இடத்தில் உணவு கிடைக்கும் என்பதை நாம்தான் அவற்றுக்குக் கற்பித்தோம். கொடுப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதைவிடப் பெரிய தீங்கு பின்னால் வருகிறது. பழத்தோடு வீசப்படும் பொலித்தீன் பை வயிற்றுக்குள் போகிறது. வாகனத்தை அஞ்சாத யானை ஒருநாள் வேலியை உடைத்து வீதிக்கு வருகிறது. வேலிக்கு வெளியே கரும்புத் தோட்டங்களும் வீடுகளும் இருக்கின்றன. அதன் பிறகு அந்த யானைக்கு என்ன நேரும் என்பதை எங்கள் வன்னிக் கிராமங்களில் வளர்ந்த எவரும் அறிவர். யானைக்கும் மனிதருக்கும் இடையிலான மோதலில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூறுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இறக்கின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்தவை 5,879 யானைகள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். என் சிறிய தந்தையாரின் வீட்டில் நெல் மூட்டைக்காக யானை சுவரை இடித்த இரவை நான் அறிவேன். அந்த விலங்கின் மீது எங்களுக்கு வெறுப்பில்லை. அது ஊருக்குள் வரப் பழகிவிடக்கூடாது என்பதே எங்கள் வேண்டுதல். தங்கள் மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். அவளுடைய ஆவலுக்கு இடைத்தங்கல் நிலையத்தில் குட்டிகள் பால் குடிப்பதைப் பார்ப்பதே போதுமானதாக இருக்கும்.

கரடிக்கு உடவளவை ஏற்ற இடமில்லை. கரடியைக் காண விரும்புபவர்கள் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், அதாவது ஜூன், ஜூலை மாதங்களில், யாலவுக்கோ வில்பத்துவுக்கோ செல்வார்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் சிறுவயதில் பெட்டி பெட்டியாகச் சேர்த்து உண்ட அதே பழத்துக்காகக் கரடி மரத்தின் மேலேறிக் கிளையிலேயே அமர்ந்து தின்னும். தரையில் விழுந்ததையும் விடாது. அந்தப் பருவத்தில் பகலிலும் அது வெளியே வரும். ஆகஸ்ட் இறுதியில் பழம் முடிந்திருக்கும். வில்பத்துவில் வில்லு என்று சொல்லப்படும் மணற்கரை சூழ்ந்த இயற்கை ஏரிகள் இருக்கின்றன. அமைதியை விரும்புபவர்களுக்கு அது யாலவைவிட மேலானது. இன்னொரு பயணத்தில் யாழ்ப்பாணம் செல்வதாயிருந்தால் அனுராதபுரத்தில் தங்கி அதைப் பாருங்கள்.

யாலவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் உகந்தை முருகன் கோயிலில் கூடி, ஆடிவேல் விழாவிற்கு முன்னர் அந்தக் காட்டின் ஊடாக நடந்தே கதிர்காமத்தை அடைகிறார்கள். ஜீப்பை விட்டு இறங்கக் கூடாத அதே காட்டில், அதற்கென வாயில் திறக்கப்படும் சில நாட்களில், எங்கள் அம்மம்மா வெறுங்காலோடு நடந்திருக்கிறார். தங்கள் தாயாரிடம் இதைச் சொன்னால் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.


வளவைக்கரை எழுதியது:

பாலைநிழல் அம்மா எழுதியதை முழு மனதுடன் வழிமொழிகிறேன். எஞ்சிய கேள்விகளுக்கு என் பதில்களைச் சொல்கிறேன்.

தாயாரை ஜீப்பின் முன்பகுதியில் சாரதிக்கு அருகில் அமர்த்துங்கள். பின்னால் உள்ள திறந்த இருக்கைகள் உயரத்தில் இருப்பதால் காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் குலுக்கம் முழுவதும் அங்கேதான் விழும். கடைசி வரிசை மிக மோசம். முன் இருக்கைக்கு ஏறுவது வீட்டு வாகனத்தில் ஏறுவதைவிடச் சற்றே உயரம். ஒரு சிறிய படிக்கட்டு கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலான சாரதிகள் கொண்டுவருவார்கள். இடுப்புக்குப் பின்னால் வைக்க ஒரு தலையணையும், புழுதிக்கு முகத்தை மூட ஒரு பருத்தித் துணியும் அவருக்குத் தேவை. ஆகஸ்டில் அந்த மண் மாவாகப் பறக்கும். உள்ளே கழிப்பறை வசதி மிகக் குறைவு என்பதால் வாயிலிலேயே அதற்கான தேவையை முடித்துக்கொள்வது நல்லது.

சாரதியிடம் புறப்படுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: விலங்கைத் துரத்தி ஓட வேண்டாம், ஒரு கூட்டத்தைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். விருந்தினர்கள் பல விலங்குகளைக் காட்டினால்தான் மகிழ்வார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்; அதனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த இடத்திற்கு விரைவார்கள். தாங்கள் கேட்டால் மகிழ்ச்சியோடு நிற்பார்கள். இயந்திரம் ஓய்ந்த பிறகு யானைகள் நம்மை மறந்துவிடும். புல்லைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை முன்காலில் அடித்து உதறி, பிறகு வாயில் இடுவதைப் பார்க்கலாம். குட்டி அதைப் பார்த்துத் தானும் செய்ய முயன்று, புல்லைத் தவறவிட்டு மீண்டும் எடுக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு தேவைப்படும் விலங்கு அது. அதன் வாழ்வின் பெரும்பகுதியே இந்த வேலைதான். ஓடிக்கொண்டே இருக்கும் ஜீப்பிலிருந்து இவற்றுள் ஒன்றும் தெரியாது.

கூட்டத்திற்கும் அதன் குட்டிகளுக்கும் நடுவே வண்டியை விட அனுமதிக்காதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் ஈரக்கோடு வழிந்தபடி ஓர் ஆண் யானை நின்றால் அது மதநீர். சாரதி பின்வாங்க விரும்பினால் படம் எடுப்பதற்காக அவரைத் தடுக்க வேண்டாம். காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி நேராக நோக்கும் யானை நம்மைப் போகச் சொல்கிறது. எழுந்து நிற்பதும், குரல் எழுப்புவதும், கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சுவதும் கூடாது.

கட்டணத்தில் வெளிநாட்டவருக்கு ஒன்று, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் குடிமக்களுக்கு அதைவிடக் குறைந்த ஒன்று, உள்நாட்டவருக்கு மிகக் குறைந்த ஒன்று என்று மூன்று வகை உண்டு. இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினால் இரண்டாவது வகை கிடைக்கும். ஆகவே நால்வரின் கடவுச்சீட்டுகளையும் மறக்காமல் கொண்டுசெல்லுங்கள். சிறுவர்களுக்குக் கட்டணம் குறைவு. தலைக்கட்டணத்தோடு வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி ஆகியவையும் சேரும் என்பதால் வாயிலில் செலுத்தும் தொகை பலகையில் காணும் தொகையைவிடக் கூடுதலாக இருக்கும். தொகைகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் திணைக்களத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப் வாடகை தனி. பேசும்போது அது அரை நாளுக்கா, எத்தனை மணி நேரத்திற்கு, அனுமதிச்சீட்டும் அதில் அடங்குமா என்ற மூன்றையும் கேட்டு உறுதிசெய்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்கு எம்பிலிப்பிட்டியவிலோ உடவளவைச் சந்தியிலோ சோறும் கறியும் நன்றாகக் கிடைக்கும். சைவ உணவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருப்பும் பலாக்காய்க் கறியும் மறுக்காமல் சமைத்துத் தருவார்கள், ஆனால் சம்பலில் மாசிக்கருவாடு சேர்ந்திருக்கும் என்பதால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பகுதியின் எருமைத் தயிரும், கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகான கித்துள் பாணியும் கட்டாயம் உண்ண வேண்டியவை. மாலை ஆறு மணிக்கு வாயிலை விட்டு வெளியேறினால் இரவு பத்து, பத்தரைக்குள் கொழும்பை அடைந்துவிடலாம். மறுநாள் விமானம் அதிகாலையில் என்றால் மட்டும் பயணப் பைகளை முதல் நாளே கட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.